எண்பத்து மூன்று கோடு

நான் சொன்ன பொய்களில் ஒன்றே ஒன்றுக்குத்தான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. அதைச் சொன்னபோது எனக்குப் பத்து வயது. பஞ்சாயத்து ஆபீஸ் கூடத்தில், ஊரும் காலனியும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும்போது, எழுந்து நின்று தலைவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். சின்னப் பிள்ளை, தெரியாமல் வாய் தவறிவிட்டது என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. கடல் கண்ணுக்குத் தெரியாது. சாயங்காலம் காற்று மட்டும் வரும். எழுபதுகளின் கடைசி அது. சென்னையில் டிவி தொடங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் பஞ்சாயத்துக்கும் அரசாங்கம் ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி கொடுத்திருந்தது. கூடத்தின் ஒரு கோடியில் மேஜைமேல் அதை வைத்து, கூரைக்கு மேல் தென்னை மரத்தைத் தாண்டுகிற உயரத்துக்கு ஆன்டெனாக் கம்பம் நட்டிருந்தார்கள்.

தினமும் சாயங்காலம் மூன்று மணி நேரம் படம் வரும். ஊர்க்காரர்கள் கூடத்துக்குள் பாய் போட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள். காலனிக்காரர்கள் நாங்கள் மேற்குப் பக்கத்து மூன்று ஜன்னல்களுக்கு வெளியே நின்று பார்ப்போம். எங்களை உள்ளே வரக் கூடாது என்று யாரும் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் குறையை அவர்கள்மேல் போட முடியாது. “எடமில்ல” என்பார்கள், அவ்வளவுதான். பாதிக் கூடம் காலியாகக் கிடக்கும்போதும் இடமில்லை. ஜன்னல் உயரம் எனக்கு எட்டாது. அதனால் சொந்தமாக ஒரு செங்கல் வைத்திருந்தேன். பார்த்து முடித்ததும் அதைக் கள்ளிப் புதருக்குள் ஒளித்து வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். நாள் முழுக்க நடவு நட்டுவிட்டு வந்து, என் பின்னால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா நிற்பாள். நடுநடுவே ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலின்மேல் தேய்த்துக்கொள்வாள்.

இரண்டு வருடத்தில் படம் மங்கத் தொடங்கியது. முதலில் ஜன்னலில் நின்றவர்களுக்குத் தெரியாமல் போனது. அதை யாரும் ஒரு பிரச்சினையாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு பாயில் உட்கார்ந்தவர்களுக்கும் தெரியாமல் போனது. உடனே செங்கல்பட்டிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தார்கள். பிக்சர் ட்யூப் போய்விட்டது, புதிதுதான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் போனார். தலைவர் எழுதி அனுப்பி, கையெழுத்துப் போட்டு, வைக்கோல் திணித்த அட்டைப்பெட்டியில் புது ட்யூபும் வந்து சேர்ந்தது. மெக்கானிக்தான் வரவில்லை. அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று ஒரு மாதம் ஓடிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, எங்கள் வீட்டில் இருந்தாள். அவள் சென்னையில் ஒரு டிவி கம்பெனியில் வேலை பார்த்தாள். அங்கே தொழிலாளர்கள் கொடி பிடித்ததால் கம்பெனியை மூடிவிட்டார்கள். கொடி பிடித்தவர்களில் அவளும் ஒருத்தி. ஒரு தகரப்பெட்டியோடு வந்து இறங்கினாள். பெட்டிக்குள் நாலு புடவை, அவற்றுக்குக் கீழே திருப்புளி, குறடு, சோல்டரிங் அயர்ன். அம்மா ஒரு நாளைக்கு நாலு முறை, “ஒன் வாயாலதான்டி நீ கெட்டே” என்பாள். சின்னம்மா அதைக் கேட்டுக்கொண்டே சோற்றை இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வாள்.

ஒருநாள் பஞ்சாயத்து கிளார்க்கு எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். அவர் காலனிக்குள் வருவது வீட்டு வரி கேட்கத்தான். அன்றைக்குக் கையில் ரசீதுப் புத்தகம் இல்லை.

“ஏம்மா, நீ டிவி கம்பெனில வேல செஞ்சுகினு இருந்தியாமே. ட்யூபு மாத்தத் தெரியுமா?”

“தெரியும்.”

“வந்து மாத்திக் குடுத்துடேன். தலைவர் சொல்லி அனுப்பினாரு.”

“வரேன். ஆனா நான் சொல்றபடிதான் ஓட்டணும். அதையும் தலைவராண்ட சொல்லிடுங்க.”

டார்ச் பிடிக்க என்னைக் கூட்டிப் போனாள். அன்றுதான் அந்தக் கூடத்துக்குள் நான் முதன்முதலாகக் கால் வைத்தேன். தலைவர், கிளார்க்கு, ஊர்ப் பெரியவர்கள், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் என்று கூட்டம் நிறைந்திருந்தது. ஒரு பெண்பிள்ளை டிவியைப் பிரிக்கிறாள் என்றால் பார்க்கக் கசக்குமா? சின்னம்மா பழைய ட்யூபைக் கடைசியாக ஒரு தடவை போட்டுப் பார்த்து, அணைத்து, பின்பக்கப் பலகையைக் கழற்றினாள். திருப்புளியில் ஒரு ஒயரைச் சுற்றி, ட்யூபின் தலையில் இருந்த ரப்பர் மூடிக்கு அடியில் விட்டாள். ‘டப்’ என்று நீலமாக ஒரு பொறி பறந்தது. முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் பின்வரிசைக்குப் போய் விழுந்தார்.

“ஆஃப் பண்ணியும் உள்ளாற கரண்டு நிக்கும். பதினஞ்சாயிரம் வோல்ட்டு” என்றாள் சின்னம்மா, கீரை விலை சொல்வதுபோல. “இப்போ இத்த வெளிய எடுக்கப் போறேன். கை தவறிக் கீழ வுழுந்தா குண்டு மாதிரி வெடிக்கும். கண்ணாடி கண்ணுல பூந்துடும். பயந்தவங்க வெளிய நிக்கலாம்.”

தலைவர் ஏதோ ஞாபகம் வந்தவர்போலத் துண்டை உதறிக்கொண்டு முதலில் வெளியே போனார். அவர் போனதும் கூடம் காலியாகிவிட்டது. எல்லோரும் சுற்றிக்கொண்டு வந்து எங்கள் ஜன்னல்களில் நின்று கம்பி வழியாக உள்ளே பார்த்தார்கள். உள்ளே நானும் சின்னம்மாவும் மட்டும். கள்ளிப் புதரிலிருந்து யாரோ இழுத்துப் போட்டிருந்த என் செங்கல்மேல் கிளார்க்கு ஏறி நின்றிருந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டார்ச் ஆடியது. “ஒழுங்காப் பிடிடீ” என்று சின்னம்மா அதட்டினாள். அவள் உதட்டிலும் சிரிப்பு இருந்தது என்றுதான் எனக்கு ஞாபகம்.

புது ட்யூப் உட்கார்ந்தது. எல்லோரும் உள்ளே வந்தார்கள். பெட்டியைப் போட்டதும் படம் பளிச்சென்று வந்து, கூடமே “ஆ” என்றது. அந்த “ஆ” முடிவதற்குள் சின்னம்மா வெளிச்சத்தைக் குறைத்தாள். குறைத்தாள், இன்னும் குறைத்தாள். படம் சாம்பல் பூத்த மாதிரி ஆனபோது நிறுத்தி, வெளிச்சத்துக்கான திருகு குமிழையும் பக்கத்துக் குமிழையும் வெடுக்கென்று பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

“இன்னாம்மா இது, கொறைச்சிட்டே?” என்றார் தலைவர்.

“புது ட்யூபு தலைவரே. மொத நூறு மணி நேரம் வெளிச்சத்த அடக்கித்தான் ஓட்டணும். எடுத்த எடுப்புல ஏத்தினா உள்ளாற பூசிகீற மருந்து கருகிப்பூடும். அப்பால பழையபடி மெக்கானிக்கத் தேடினு போவணும்.”

“ஒண்ணுந் தெர்லியே. எப்டிப் பாக்கறது?”

“ஜன்னல மூடிட்டாத் தெரியும். கிட்ட வந்து உக்காந்தா நல்லாத் தெரியும்.”

கிளார்க்கு போய் மேற்கு ஜன்னல்களைச் சாத்தினார். வெயில் நின்றது. படம் கொஞ்சம் எழுந்தது. அப்போதுதான் அவருக்கு அந்தச் சந்தேகம் வந்தது. “ஜன்னல மூடிட்டா அவங்கல்லாம் எங்க நின்னு பாப்பாங்க?” என்றார். அவங்கல்லாம் என்றது எங்களை. நாங்கள் இருவரும் அங்கேதான் நின்றிருந்தோம்.

“எதுக்கு நிக்கணும்? உள்ள உக்காந்து பாப்பாங்க” என்றாள் சின்னம்மா.

“அதெல்லாம் சரிப்படாது” என்றார் தலைவர்.

“அப்ப தொறந்தே வெச்சிக்கோங்க. வெயில் வுழும், படம் தெரியாது. எவனாவது கொறட்டப் போட்டு உள்ள கீற கம்பியத் திருப்புவான். ட்யூபு ஒரு மாசத்துல பூடும். மேல கேட்டாங்கன்னா எம்பேரச் சொல்லாதீங்க.” சொல்லிக்கொண்டே திருப்புளியைப் பெட்டிக்குள் போட்டாள்.

தலைவர் கணக்குப் போட்டார். படம் தெரிய வேண்டும். அதற்கு ஜன்னல் மூட வேண்டும். மூடிவிட்டு எங்களை ஒரேயடியாக வெளியே நிறுத்தினால் இவள் மேலே மனு எழுதிப் போடுவாள், கொடி பிடித்தவள். பெட்டியோ அரசாங்கத்துப் பெட்டி. கடைசியில், “நூறு மணி நேரந்தானே? அதுவரிக்கும்தான். அப்பால அவங்கவங்க எடத்துக்கு அவங்கவங்க போயிடணும்” என்றார். “ஆவட்டும் தலைவரே” என்றாள் சின்னம்மா, ரொம்பப் பணிவாக. அவள் பணிவாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

குமிழ்கள் இரண்டும் என் பொறுப்பு. பாவாடை நாடாவில் முடிந்துகொண்டு திரிந்தேன். மணிக்கணக்கும் என் பொறுப்பு. படம் ஒரு மணி நேரம் ஓடினால் கூடத்துக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் ஒரு கோடு. கரண்டு போனால் அந்த நேரம் கணக்கில் சேராது. கிளார்க்கு ஒரு யோசனை சொன்னார். பகலில் நிகழ்ச்சி இல்லாதபோதும் பெட்டியைப் போட்டால் வெறும் புள்ளியாக ஓடுமே, அப்படியே விட்டு வைத்தால் பத்து நாளில் நூறு மணி முடிந்துவிடுமே என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. “புள்ளி கணக்குல வராது. படம் ஓடினாத்தான் கணக்கு” என்று சின்னம்மா அடித்துச் சொல்லிவிட்டாள். அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. படம் அவ்வளவு மங்கல். நாலு முழத்துக்கு அப்பால் உட்கார்ந்தால் ஒன்றும் தெரியாது. பாய் போட்டுத் தள்ளி உட்கார்ந்து பழகினவர்கள் நாள்பட நாள்பட முன்னே நகர்ந்து வந்தார்கள். நாங்களும் நகர்ந்தோம். நாலாவது நாள் எது யாருடைய முழங்கால் என்று தெரியாத அளவுக்கு நெருக்கம். முதல் இரண்டு நாள் முகத்தைச் சுளித்தவர்கள், மூன்றாவது நாள் படம் புரியாத ஆத்திரத்தில் அதை மறந்துபோனார்கள். விவசாய நிகழ்ச்சியில் ஒரு நாள் கறுப்பாக ஏதோ அசைந்தது. எருமை என்றார் ஊர்க்காரர் ஒருவர். இல்லை, டிராக்டர் என்றார் என் அப்பா. அந்த மனிதர் அதுவரை அப்பாவின் பெயரைச் சொன்னதெல்லாம் களத்து வேலைக்குக் கூப்பிடத்தான். இருவரும் கால்மணி நேரம் சண்டை போட்டார்கள். கடைசியில் அது பேச ஆரம்பித்தது. கோட்டு போட்ட ஒரு அதிகாரி. இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

தலைவரின் மனைவிக்குக் கண் கொஞ்சம் மங்கல். மங்கின கண்ணுக்கு மங்கின படம். அந்த அம்மாள் முதல் வரிசையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “ஏ குட்டி, இன்னாடி நடக்குது அங்க?” என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். நான் சொல்வேன். தெரியாத இடத்தில் நானே சேர்த்துக்கொள்வேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சினிமாவில் கதாநாயகியின் அண்ணனை நானே சாகடித்துவிட்டேன். அடுத்த காட்சியில் அவன் குரல் கேட்டதும், “செத்தவன் எப்டிடீ பேசறான்?” என்றாள். கனவு என்று சொல்லிச் சமாளித்தேன்.

அம்மா சுவர் ஓரமாக உட்காருவாள். முதல் வாரம் காலை மடக்கிக்கொண்டு, யாராவது எழுப்பினால் உடனே எழுந்துவிடத் தயாராக உட்கார்ந்தாள். அப்புறம் ஒரு நாள் முதுகைச் சுவரில் சாய்த்தாள். இன்னொரு நாள் காலை நீட்டினாள். சேற்றில் நின்று வெடித்த பாதங்கள் இரண்டையும் டிவியைப் பார்க்க நீட்டிவிட்டு, அப்படியே கண் சொக்கிப் போவாள். வீட்டில்கூட அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு ஒரே ஒரு குறைதான். படம் மங்கலாக இருந்தது! பத்து வயதில் எனக்கு வேறு எந்த நியாயமும் தெரியாது. முதல் நாள் வந்த அந்தப் பளிச்சென்ற படம் மறுபடி வேண்டும், அதில் நான் விரும்பின கதாநாயகனின் முகத்தைப் பார்க்க வேண்டும். நூறு சீக்கிரம் வர வேண்டும். அறுபது கோடு ஆகியிருந்த ஒரு மத்தியானம், கூடத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போய் பதினொரு கோடு சேர்த்துப் போட்டேன். ஒரே மாதிரி தெரியக் கூடாது என்று சிலதைச் சாய்த்துக்கூடப் போட்டேன்.

அன்று சாயங்காலம் சின்னம்மா கதவருகே நின்று கோடுகளை எண்ணினாள். எண்ணிவிட்டு முந்தானையைத் தண்ணீரில் நனைத்துத் துடைக்கத் தொடங்கினாள். நான் பக்கத்திலேயே நின்று எண்ணினேன். ஒன்பது, பத்து, பதினொன்று. நிறுத்தவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று. எனக்குப் பதறியது. இருபத்தெட்டில்தான் கையை எடுத்தாள்.

“நான் பதினொண்ணுதான் போட்டேன்!” என்று கத்திவிட்டேன்.

“தெரியும்” என்றாள்.

அவ்வளவுதான். அடிக்கவுமில்லை, திட்டவுமில்லை. அடித்திருந்தால் நியாயம் என்று விட்டிருப்பேன். நான் திருடியது பதினொன்று; அவள் அழித்தது இருபத்தெட்டு. என் பதினேழு மணி நேரத்தை இவள் எப்படி அழிக்கலாம்? மூன்று நாள் அவளோடு பேசவில்லை. டிவி கம்பெனியில் இவளை ஏன் வெளியே நிறுத்தினார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன். கோடு போடும் வேலையை மட்டும் விடவில்லை.

இரண்டு வாரம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சினிமா தொடங்கி முதல் பாட்டு முடிந்த சமயம். ஜன்னல் இடுக்கில் வெயில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கூடத்தில் மூச்சுவிட இடமில்லை. கிளார்க்கு எழுந்து நோட்டைப் பிரித்தார்.

“தலைவரே, நேத்தோட நூறு மணி நேரம் முடிஞ்சுபோச்சு. நானும் தெனம் எழுதிகினுதான் வரேன்.”

இவர் தனியாகக் கணக்கு வைத்திருப்பது எங்கள் யாருக்கும் தெரியாது. சின்னம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் தெரியாது.

“கதவுல கோடு கீதே, எண்ணிப் பாருங்க. எண்பத்து மூணுதான் ஆவுது” என்றாள்.

“கோடு யாரு வேணா போடலாம், அழிக்கலாம். நோட்டு பேசும்” என்றார் கிளார்க்கு. அவர் சொன்னது சரி. எனக்கும் தெரியும் அது நூறுதான் என்று. மனசுக்குள் நானும் எண்ணிக்கொண்டுதான் வந்தேன்.

தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். “அப்ப சரி. பேச்சு பேச்சா இருக்கணும். ஜன்னலத் தொறங்க. அவங்கவங்க எடத்துக்குப் போங்க. குமிழக் கொண்டாங்க.”

அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பாதி எழுந்துவிட்டார். பின்னால் நாலைந்து பேர் எழுந்தார்கள். சின்னம்மா மட்டும் அசையவில்லை. “நூறு ஆவல. குமிழத் தர முடியாது” என்றாள்.

“இதுங்க பேச்சே இப்டித்தான்” என்றார் தலைவர், பொதுவாக எல்லோரையும் பார்த்து. பிறகு என் பக்கம் திரும்பினார். குரலை இனிப்பாக்கிக்கொண்டார். “ஏ பொண்ணு, கோடு போட்டது நீதானே? பொய் சொல்லாம சொல்லு. மெய்யா எத்தினி மணி நேரம் ஆச்சு?”

எழுந்து நின்றேன். பாவாடை நாடாவில் குமிழ்கள் இரண்டும் இடுப்பில் அழுத்தின. நூறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உண்மையும் அதுதான். இந்த நிமிஷமே குமிழைச் செருகித் திருப்புவார்கள், பளிச்சென்று படம் வரும், என் கதாநாயகன் முகம் தெரியும். நான் ஒரு மாதத்துக்கு மேலாகக் காத்திருந்தது அதற்குத்தான். சின்னம்மாவின்மேல் கோபம் வேறு இன்னும் தீரவில்லை. அவள் என்னைப் பார்க்கவே இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரோரம் அம்மாவைப் பார்த்தேன். பிறகு தலைவரைப் பார்த்தேன்.

“எண்பத்து மூணு” என்றேன்.

“நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“எண்பத்து மூணு! கிளார்க்கு கரண்டு போனதையும் சேத்து எழுதிகினாரு. நான் பாத்தேன்.”

இந்த இரண்டாவது பொய்யை யாரும் என்னிடம் கேட்கவே இல்லை. அதுவாக வந்தது. கிளார்க்கு நோட்டைத் தூக்கிக் காட்டி, “அபாண்டம்! அபாண்டம்!” என்று கத்தினார். கூடத்தில் யாரோ சிரித்தார்கள். எருமை என்று சொன்ன அதே மனிதர், “கிளார்க்கு எழுதறதுதானே, எல்லாம் அப்டித்தான் இருக்கும்” என்றார். அவருக்கு வீட்டு வரியில் பழைய கோபம் ஏதோ இருந்திருக்கிறது. சிரிப்பு பெருத்தது.

தலைவருக்கு முகம் கறுத்துவிட்டது. அவரே போய் நடு ஜன்னலைத் தள்ளித் திறந்தார். மேற்கு வெயில் தடாலென்று உள்ளே வந்து டிவியின்மேல் விழுந்தது. படம் மொத்தமாகப் போய்விட்டது. வெள்ளைக் கண்ணாடி மட்டும்தான், அதற்குள்ளிருந்து யாரோ சண்டை போடுகிற சத்தம்.

“ஐயோ, மூடுங்கய்யா!” என்று ஊர்ப் பக்கமிருந்துதான் முதல் குரல் வந்தது. “ஒண்ணும் தெர்ல!” “சண்ட நடக்குதுய்யா!” தலைவரின் மனைவி என் பாவாடையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். “இவ எழுந்து போயிட்டா எனக்கு யாரு கதை சொல்றது? நீங்க ஜன்னல மூடிட்டு வந்து உக்காருங்க” என்றாள் கணவரைப் பார்த்து. எங்கள்மேல் உள்ள பாசத்தால் அந்த அம்மாள் அப்படிச் சொன்னதாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அவளுக்குக் கதை தெரிய வேண்டும். அது போதும்.

ஜன்னலை மூடியது யார் என்று எனக்கு ஞாபகமில்லை. இருட்டில் படம் மறுபடி எழுந்தது. பாதி எழுந்து நின்ற அப்பா துண்டை மடித்துப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்தார். தலைவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை பாட்டு நிகழ்ச்சிக்கு வந்தார். பின்னால் உட்கார்ந்தால் தெரியாது என்பதால் முன்னே வந்து உட்கார்ந்தார்.

அன்று வீட்டுக்குப் போகும்போது, பொய் சொன்னதற்காகச் சின்னம்மா வழியெல்லாம் திட்டப் போகிறாள் என்று பயந்துகொண்டு நடந்தேன். திட்டவில்லை. என் மணிக்கட்டை வலிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். வீடு வந்த பிறகும் விடவில்லை.

நூறாவது மணி நேரம் எங்கள் ஊருக்கு வரவே இல்லை. கம்பெனி திறந்து சின்னம்மா சென்னைக்குத் திரும்பும்வரை தினமும் சாயங்காலம் என்னிடம் குமிழை வாங்கிச் செருகி, ஒரு மயிரிழை திருப்பிவிட்டு எடுத்துவிடுவாள். படம் எந்த நாளில் பளிச்சென்று ஆனது என்று யாருக்கும் தெரியவில்லை. கோடு போடுவதை நானும் எப்போதோ விட்டுவிட்டேன். மூடின ஜன்னல்களுக்கு முன்னால் யாரோ உர மூட்டைகளை அடுக்கி வைத்தார்கள். என் செங்கல்லை அம்மா எடுத்துப் போய் அடுப்புக்கு முட்டுக் கொடுத்துவிட்டாள்.

பல வருடங்கள் கழித்து, டிப்ளமோ முடித்து நானும் ஒரு டிவி கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். முதல் வாரம் என்னை ஒரு நீளமான அறையில் போட்டார்கள். புதுப் பெட்டிகள் வரிசை வரிசையாக, வெறும் புள்ளியாக ஓடிக்கொண்டிருந்தன. புதுப் பெட்டியை இங்கேயே ஒரு நாள் ஓட்டிப் பழக்கிவிடுவோம், வீட்டுக்குப் போனதும் முழு வெளிச்சத்தில் பார்க்கலாம் என்றார் சூப்பர்வைசர். புது ட்யூபுக்கு நூறு மணி நேரம் வேண்டாமா என்று கேட்டேன். “எவன் சொன்னான்?” என்று சிரித்தார். சின்னம்மா சென்னையில் வேலை பார்த்தது இப்படியோர் அறையில்தான் என்று அம்மா சொல்லி அந்த வாரம்தான் தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து மீன் அறுத்துக்கொண்டிருந்தாள்.

“சின்னம்மா, புள்ளியும் கணக்குல வருமாமே.”

“வரும்.”

“நூறு மணி நேரமெல்லாம் வேணாமாமே.”

“வேணாம்.”

“அப்ப அத்தினி பேரையும் வெச்சிகினு பொய்தானே சொன்னே?”

அவள் மீனைத் திருப்பிப் போட்டுச் செதில் சுரண்டினாள். “நான் காரணத்தோட சொன்னேன். நீ ஏண்டி சொன்னே?” என்றாள்.

தலைவர் ‘இதுங்க’ என்றது பிடிக்காமல் சொன்னதாக அதுவரை நினைத்திருந்தேன். அது முழுக்க உண்மை இல்லை. அவர் என்னைக் கேள்வி கேட்டபோது நான் அம்மா பக்கம் திரும்பினேன் அல்லவா, அப்போது அவள் எழுந்திருக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே நாங்கள் நின்றதையும் சின்னம்மாவின் நூறு மணி நேரத்தையும் அன்று நான் ஒன்றாக வைத்து யோசித்ததே இல்லை. பத்து வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா நீட்டியிருந்த காலை மடக்கத் தொடங்கிவிட்டாள் என்பது மட்டும்தான்.